சொல்தா வீட்டுக் கம்ப்யூட்டர்

ஒர்த்தான்ஸ் வீட்டை விட்டு எந்தப் பொருளும் அடையாளம் இல்லாமல் வெளியே போனதில்லை. குடை ரிப்பேருக்குப் போனால் அதன் கம்பியில் ஒரு சிவப்பு நூல் முடிந்திருக்கும். பித்தளைக் குண்டான் ஈயம் பூசப் போனால் அடியில் ஆணியால் ஒரு கீறல். கோதுமைக்கு அடையாளம் வைக்க வழியில்லை என்பதால் மாவு மில்லுக்கு அவளே கூடப் போய், மெஷின் வாய்க்கு எதிரே நிற்பாள். முன்னால் அரைத்தவர்களின் மாவு தன் டின்னில் விழுந்துவிடக் கூடாது. தன் மாவு மெஷினுக்குள் தங்கிவிடவும் கூடாது. மில் வைத்திருந்த இளையபெருமாள் ஒருநாள் பொறுக்க முடியாமல், "மதாம், வேணும்னா உள்ள எறங்கியே பாத்துக்குங்க" என்றார். அவள் நிஜமாகவே எட்டிப் பார்த்தாள்.

ஊரில் எல்லோரும் அவளை மதாம் என்றுதான் கூப்பிட்டார்கள். புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். சைகோன், அல்ஜீரியா என்று சுற்றிவிட்டு, ஓய்வு பெற்றுக் காரைக்காலில் மாதா கோயில் தெருவில் வந்து உட்கார்ந்த இரண்டாம் வருஷம் மாரடைப்பில் போய்விட்டார். அது எழுபத்து நாலில். துக்கத்துக்கு வந்த கொழுந்தன், "அண்ணி, நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க, எல்லாத்தையும் நான் பாத்துக்குறேன்" என்றார். சொன்னபடியே பார்த்துக்கொண்டார். குரும்பகரத்தில் இருந்த வயலைத் தன் பெயரிலேயே பார்த்துக்கொண்டார். துக்கம் கொஞ்சம் தெளிந்து அவள் நிமிர்ந்தபோது வயல் இல்லை. அதற்குப் பிறகு அவள் யாரையும் நம்பாமல் போனதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஒரே மகன் ரெனே பிரான்சில் இருந்தான். பென்ஷன் மாதாமாதம் வந்தது. ஆகவே ஒர்த்தான்ஸுக்கு யாரையும் அண்டி வாழும் அவசியம் இல்லை. சந்தேகப்பட மட்டும் நிறைய நேரம் இருந்தது.

எண்பத்தேழாம் வருஷம் கிறிஸ்துமஸுக்கு ரெனே வந்தபோது ஒரு பெரிய பெட்டியும் கூட வந்தது. மெட்ராஸ் விமான நிலையத்திலேயே சுங்கக்காரர்கள் அதைப் பிரித்துப் போட்டு, இது இலங்கைப் போராளிகளுக்காகக் கடற்கரைக்குக் கொண்டு போகிற வயர்லெஸ் சாமானோ என்று குடைந்து கேட்டிருந்தார்கள். உள்ளே இருந்தது ஒரு பழைய கம்ப்யூட்டர்: டி.வி. மாதிரி ஒன்று, இரும்புப் பெட்டி ஒன்று, எழுத்துப் பலகை ஒன்று.

ரெனே லியோனில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்த்தான். "ஆபீஸ்ல புதுசு வாங்கிட்டாங்கம்மா. பழச தூக்கிப் போடப் போனாங்க. எங்க ஊர்ல இல்லாதவங்களுக்குக் குடுக்குறேன்னு டைரக்டர்ட்ட கேட்டேன். மொத்தம் அஞ்சு. மொதல்ல ஒண்ண கொண்டு போ, ஒழுங்கா ஒருத்தருக்குப் பயன்படுதுன்னா மிச்ச நாலையும் அனுப்புறேன்னுட்டாரு."

"சும்மாவா?"

"சும்மாதான்."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? குடுக்குறாரு, அவ்வளவுதான்."

"வெள்ளக்காரன் சும்மா குடுப்பானா? இதுல ஏதாச்சும் பழுது இருக்கும்" என்று அவள் பெட்டியைத் தட்டிப் பார்த்தாள், தேங்காயைத் தட்டுவது போல. ரெனே அதை ஓட்டிக் காட்டினான். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடியது. பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவளாகையால் வார்த்தைகள் அவளுக்குப் புரிந்தன. விஷயம்தான் புரியவில்லை.

"யாருக்குக் குடுக்கறதுன்னு நீங்களே பாத்துக் குடுங்க" என்று சொல்லிவிட்டு மகன் விமானம் ஏறினான். சந்தேகப்படுவதற்கென்றே ஒரு உத்தியோகம் உண்டானால் அதற்கு ஒர்த்தான்ஸை விட்டால் ஆள் கிடையாது. மகன் அந்த உத்தியோகத்தைத்தான் கொடுத்துவிட்டுப் போயிருந்தான்.

செய்தி பரவியதும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். டுடோரியல் நடத்திய குலசேகரன் பழத்தட்டோடு வந்து, ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாகச் சொல்லித் தருவதாகச் சொன்னார். ஒர்த்தான்ஸ் மறுநாள் அவருடைய டுடோரியல் வாசலில் போய் நின்று, வெளியே வந்த பிள்ளைகளை நிறுத்தி, ஃபீஸ் எவ்வளவு என்று கேட்டாள். இலவசம் என்று ஒரு பிள்ளையும் சொல்லவில்லை. பழத்தட்டு திரும்பிப் போனது. பிறகு நற்பணி மன்றத்து இளைஞர்கள் வந்தார்கள். "எதுக்குப்பா ஒங்களுக்கு?" என்றதற்கு, "வச்சுக்கத்தான் மதாம்" என்றார்கள். உண்மை பேசியதற்காக அவர்களுக்குக் காப்பி கிடைத்தது. கம்ப்யூட்டர் கிடைக்கவில்லை.

கடைசியில் அவளே ஒருத்தியைத் தேடிப் போனாள். ஊருக்குப் பக்கத்தில் தருமபுரத்தில், கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் பின்னால், அந்தப் பஞ்சாயத்து ஒதுக்கிக் கொடுத்த ஒற்றை அறையில், லோகாம்பாள் என்பவர் மாதர் சங்கம் நடத்திக்கொண்டிருந்தார். கிராம சேவிகையாக இருந்து ஓய்வு பெற்றவர். தையல் மெஷின்கள் சிலவும், தட்டச்சு மெஷின்கள் இரண்டும் அங்கே இருந்தன. கம்ப்யூட்டர் தருகிறேன் என்றதும் லோகாம்பாள் முகம் மலரவில்லை.

"எங்களுக்கு எதுக்குங்க குடுக்குறீங்க?" என்றார். "கரண்டு பில் யாரு கட்டுறது? நாளைக்கி இந்த ரூமக் கேப்பீங்களா? இல்ல, சங்கத்துக்குத் தலைவியா வரணுமா ஒங்களுக்கு?"

ஒர்த்தான்ஸுக்கு அவரைச் சட்டென்று பிடித்துப்போனது. இவ்வளவு சந்தேகப்படுகிற மனுஷி கண்டிப்பாக யோக்கியமானவளாகத்தான் இருப்பாள் என்று தோன்றியது. கம்ப்யூட்டர் அங்கே போவது என்று முடிவாயிற்று.

போவதற்கு முன் அடையாளம் வைக்க வேண்டுமே. மருமகள் போன தடவை வந்தபோது மறந்து வைத்துவிட்டுப் போன சிவப்பு நகப்பூச்சுக் குப்பி ஒன்று இருந்தது. எழுத்துப் பலகையில், எழுத்துகளின் மேல் வரிசையில் இடது ஓரத்தில் 'ஏ' இருந்தது. பிரான்சில் செய்த மெஷின்களில் அப்படித்தான் இருக்கும். அந்த 'ஏ' பொத்தானின் பக்கவாட்டுச் சரிவில், குனிந்து பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி ஒரு பொட்டு வைத்தாள். அதை யாரிடமும் சொல்லவில்லை.

சங்கத்தில் போய் இறக்கியபோது நிபந்தனைகள் போட்டாள். செருப்போடு தொடக் கூடாது. ஈரக்கை ஆகாது. அறையை விட்டு வெளியே போகக் கூடாது. தான் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்ப்பாள். லோகாம்பாள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அதன்பிறகு ஒர்த்தான்ஸ் சொன்னபடியே எப்போது வேண்டுமானாலும் வந்தாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் வருவாள். மீன் வாங்கப் போகிறவள் கூடையோடு வருவாள். வந்து, மெஷின் முன்னால் குனிந்து, ஓரத்துப் பொட்டைப் பார்த்துவிட்டுப் போய்விடுவாள். மதாமுக்கு மெஷினைக் குனிந்து கும்பிடுகிற வழக்கம் இருப்பதாக சங்கத்துப் பெண்கள் நினைத்தார்கள்.

அந்தப் பெண்களில் சஃபியா என்ற ஒருத்தி இருந்தாள். வளைகுடாவுக்குப் போன புருஷன் அங்கிருந்தே உறவை முறித்துக்கொள்ள, கைக்குழந்தையோடு அண்ணன் வீட்டில் வந்து இருந்தவள். துபாயில் வேலை பார்த்த அண்ணன் ஹமீது நல்லவன். ஆனாலும் அண்ணி கஞ்சி ஊற்றும்போது கரண்டி சத்தம் கேட்கும். சஃபியா ரவிக்கை தைத்தாள், தட்டச்சில் லோயர் பாஸ் செய்திருந்தாள். நாகப்பட்டினத்தில் மீன் ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனி புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, அதில் வேலை பார்க்க ஒரு பெண் வேண்டும் என்று அறிவித்திருந்தது. கம்ப்யூட்டரில் ஒரு பக்கம் அடித்துக் காட்ட வேண்டும், அதுதான் பரீட்சை. அந்த வேலை கிடைத்தால் தனியாக ஒரு வாடகை வீடு பார்த்துக்கொண்டு, தன் குழந்தைக்குத் தன் கையால் சோறு போடலாம். வேறு எதற்கும் அவள் ஆசைப்படவில்லை; இதைச் சங்கத்துக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லியிருந்தாள்.

அவளுக்கு இந்த மெஷினில் ஒரு தொல்லை இருந்தது. அவள் பழகிய தட்டச்சில் மேல் வரிசை இடது ஓரத்தில் 'கியூ' இருக்கும். இதில் அங்கே 'ஏ' இருந்தது. 'இசட்' இருக்கிற இடத்தில் 'டபிள்யூ'. விரல் ஒன்று நினைக்க, திரை ஒன்று காட்டியது. விடுமுறையில் வந்திருந்த ஹமீது துபாயில் ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்தவன். அவன் ஒருநாள் சங்கத்துக்கு வந்து, பிரெஞ்சு வரிசைப்படி எழுத்தைக் காட்டச் சொல்லி மெஷினுக்குள் எழுதியிருந்த ஒரு வரியை அழித்தான். பிறகு பொத்தான்களின் மூடிகளை மெல்ல நெம்பி எடுத்து, இடம் மாற்றி மாட்டினான். பிரெஞ்சு மெஷின் தட்டச்சு மெஷினைப் போல ஆகிவிட்டது. சஃபியாவின் விரல்கள் ஓடத் தொடங்கின. அடித்ததை பிளாப்பியில் சேர்த்து வைக்கும் முறையை அடுத்த வாரம் சொல்லித் தருவதாகச் சொல்லிவிட்டு ஹமீது போனான்.

மறுநாள் ஒர்த்தான்ஸ் வந்தாள்.

குனிந்தாள். மேல் வரிசை இடது ஓரத்தில் 'ஏ' இல்லை. 'கியூ' இருந்தது. அதன் சரிவில் பொட்டும் இல்லை. பதினாலு வருஷத்துக்கு முன்னால் கொழுந்தன் குரலில் கேட்ட "நான் பாத்துக்குறேன்" என்ற வார்த்தை மறுபடி காதில் விழுந்த மாதிரி இருந்தது.

"எம்புள்ள கொண்டாந்த மெஷின் எங்க?"

மேஜை முன்னால் உட்கார்ந்திருந்த சஃபியா எழுந்து நின்றாள். "இதுதாங்க மதாம்."

"என்னய என்ன கண்ணு தெரியாதவன்னு நெனச்சியா? மெஷின வித்துட்டு வேற எதையோ கொண்டாந்து வச்சிருக்கீங்க!"

"இல்லைங்க மதாம், எழுத்த மட்டும் மாத்தினோம். டைப்ரைட்டிங்ல மேல் வரிச வேறங்க, இதுல வேற. எங்க ஹமீது நானா துபாய்ல பாத்துருக்காங்க, அவங்கதான் மூடிய கழட்டி..."

"எழுத்த மாத்தினாங்களாம்! சட்டையில பித்தான் மாத்தற மாதிரி! ஒங்க நானா துபாய்ல இருக்காரா? அப்ப மெஷின வாங்குற ஆளும் வீட்டுலயே இருக்குன்னு சொல்லு."

சஃபியாவின் முகம் சுண்டிப்போனது. லோகாம்பாள் நடுவில் வந்து, "மதாம், வார்த்தைய அளந்து பேசுங்க. ஓட்டிக் காட்டச் சொல்றேன், பாருங்க" என்றார்.

"ஓட்டிக் காட்டினா? எல்லா மெஷினுந்தான் ஓடும்."

அடையாளம் என்ன என்று அவள் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் அடுத்த தடவை அதையும் போலியாக வைத்துவிடுவார்களே. சொல்லியிருந்தால் சஃபியாவே அதைத் தேடிக் காட்டியிருப்பாள். ஒர்த்தான்ஸ் வாசலில் போய் ஒரு வாடகைக் காரை நிறுத்தி, டிரைவரிடம் மெஷினைத் தூக்கச் சொன்னாள். திருட்டுப் போனதற்கு ஈடாகக் கிடைத்ததையாவது கொண்டுபோவோம் என்பது அவள் கணக்கு. சஃபியா காரின் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"மதாம், எனக்கு வர்ற வியாழக்கிழம பரீட்ச. அதுவரைக்குமாவது வச்சிட்டுப் போங்க. அப்பறம் போலீசக் கூட்டிட்டு வந்தாலும் நான் ஒண்ணும் சொல்லல."

"கைய எடு" என்றாள் ஒர்த்தான்ஸ். கார் போய்விட்டது.

வீட்டில் மெஷினை பீரோ ஓரமாக வைத்துப் படுக்கை விரிப்பால் மூடினாள். ரெனேவுக்கு டெலிபோன் போட்டு, "ஊர்ல ஒருத்தரும் யோக்கியமில்ல. மிச்ச நாலும் வேணாம்னு ஒங்க டைரக்டர்ட்ட சொல்லிடு" என்றாள். சில நாள் கழித்து மாவு மில்லில் இளையபெருமாள், அந்தத் தையல்காரப் பெண்ணுக்கு நாகப்பட்டினத்தில் வேலை கிடைக்கவில்லையாம் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. ஒர்த்தான்ஸ் மாவு டின்னை மூடிக்கொண்டே, "மாதா எல்லாத்தயும் பாத்துட்டுத்தான் இருக்கா" என்றாள். போகிற வழியில் கோயிலில் ஒரு மெழுகுவத்தியும் ஏற்றிவிட்டு வந்தாள்.

ஆகஸ்டில் ரெனே வந்தான். வந்ததும் விரிப்பை நீக்கி, மெஷினின் பின்பக்கம் பார்த்தான்; முன்பக்கம் பார்த்தான். எழுத்துப் பலகையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான்.

"இது நம்ம மெஷின்தாம்மா. எங்க ஆபீஸ் முத்திர அடியில இருக்கு பாருங்க."

"முத்திர யாரு வேணா குத்தலாம். நான் வச்ச பொட்டு எங்க? 'ஏ'வுல வச்சேன்."

"'ஏ' எங்க இருக்கு?"

அவள் காட்டுவதற்கு விரலை இடது ஓரத்துக்குக் கொண்டுபோனாள். அங்கே 'கியூ' இருந்தது. ரெனே அவள் விரலைப் பிடித்து ஒரு வரிசை கீழே இறக்கினான். அங்கே 'ஏ' இருந்தது. அவன் பலகையைச் சரித்துப் பிடித்தான். பக்கவாட்டில், அவள் கையால் வைத்த சிவப்புப் பொட்டு இருந்தது.

"இங்கிலீஷ் தட்டச்சு மாதிரி மாத்தியிருக்காங்க. உள்ளயும் சரியா மாத்தியிருக்காங்க. செஞ்சவன் கெட்டிக்காரன்" என்று ரெனே சிரித்தான். பிறகு தாயின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

ஒர்த்தான்ஸ் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். கார்க் கதவைப் பிடித்திருந்த கை ஞாபகம் வந்தது. அந்தப் பெண் அன்றைக்குச் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நிஜம். வேலை கிடைக்கவில்லை என்று கேட்டபோது மெழுகுவத்தி ஏற்றியதை நினைத்ததும் அவளுக்குத் தன்மீதே அருவருப்பு வந்தது. கொழுந்தன் தன்னிடமிருந்து ஒரு வயலை எடுத்துக்கொண்டார். தான் இந்தப் பெண்ணிடமிருந்து ஒரு வீட்டையே எடுத்துக்கொண்டோம் என்று நினைத்தாள். அப்படி நினைத்தபின் அவளால் சும்மா உட்கார முடியவில்லை.

"வண்டி கூப்புடு" என்றாள்.

சங்கத்தில் லோகாம்பாள் வாங்க என்று சொன்னார். உட்காருங்க என்று சொல்லவில்லை. ரெனே மெஷினைக் கொண்டுவந்து பழைய மேஜையிலேயே வைத்து ஒயரை மாட்டினான். ஒர்த்தான்ஸ் எல்லார் முன்னாலும், "தப்பு எம்மேலதான். மெஷின் அதேதான். நான்தான் பாக்கத் தெரியாம பாத்தேன்" என்றாள். இந்த மாதிரி ஒரு வாக்கியத்தை அவள் வாய் அதற்கு முன் சொல்லிப் பழகியதில்லை.

"பரீட்சையில என்ன ஆச்சு?" என்று லோகாம்பாளிடம் கேட்டாள்.

"சஃபியா பக்கம் பூரா தப்பில்லாம அடிச்சிருக்கு. அடிச்சத உள்ள சேத்து வைக்கணுமாம், அது தெரியல. தட்டச்சுல அடிச்சா பேப்பர் கையில இருக்கும்ல, அது மாதிரின்னு நெனச்சி மெஷின நிறுத்திடுச்சு. அவங்க வந்து போட்டுப் பாத்தா ஒரு எழுத்து இல்ல. அத மட்டுந்தான் அந்தப் பொண்ணுக்குச் சொல்லிக் குடுக்க வேண்டியிருந்துச்சு, நீங்க மெஷின எடுத்துட்டுப் போன அந்த வாரத்துல."

சஃபியா தையல் மெஷினை விட்டு எழுந்து வந்தாள். கம்ப்யூட்டருக்கு ஓரடி தள்ளியே நின்றாள்.

"மன்னிச்சுக்கம்மா" என்றாள் ஒர்த்தான்ஸ்.

"பரவால்லைங்க மதாம். நஸீபுல எழுதல, போச்சு. ஒண்ணு மட்டும் கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க."

"கேளு."

"மறுபடி இத எப்ப எடுத்துட்டுப் போவீங்க? முன்கூட்டியே சொல்லிட்டீங்கன்னா, அதுக்குள்ள கத்துக்கிட்டுருவேன்."

அவள் குத்தலாகக் கேட்கவில்லை. களத்தில் நெல்லைக் காயப்போட்டிருப்பவள் மழை எப்போது வரும் என்று கேட்பது போல, விவரம் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ரெனே தரையைப் பார்த்தான்.

"எடுத்துட்டுப் போவமாட்டேன்" என்றாள் ஒர்த்தான்ஸ். "மாதா மேல ஆணையா எடுத்துட்டுப் போவமாட்டேன். மிச்சம் இருக்குற நாலையும் ரெனேவ அனுப்பச் சொல்றேன். அதுவும் ஒங்களுக்குத்தான்."

"சரிங்க மதாம்."

சஃபியா அதை நம்பவில்லை. நம்பாதவர்கள் எப்படிச் சரி என்பார்கள் என்பது ஒர்த்தான்ஸைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது. வேறு என்ன சொன்னால் இவள் நம்புவாள் என்று யோசித்துப் பார்த்தாள். தன்னிடம் யார் என்ன சொல்லியிருந்தாலும் தான் நம்பியிருக்க மாட்டோம் என்பதுதான் நினைவுக்கு வந்தது.

சஃபியா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ரெனேவைப் பார்த்தாள். "சேத்து வைக்கிறதுக்கு எத அமுக்கணும், அத மட்டும் இப்பவே காட்டிட்டுப் போங்க சார்" என்றாள். ரெனே காட்டினான். அவள் அடித்தாள், சேர்த்தாள், மெஷினை நிறுத்தினாள், மறுபடி போட்டுப் பார்த்தாள். எழுத்து அப்படியே இருந்தது. இன்னொரு தரம் செய்தாள். வாசலில் வாடகை வண்டி நின்றுகொண்டிருந்தது. அது கிளம்புவதற்குள் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டுவிட வேண்டும் என்பது போல, அவள் ஒருதரம்கூடத் தலை நிமிராமல் அடித்துக்கொண்டே இருந்தாள்.